சாம்பிள் இல்லாத வேலை

அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. சம்பள நாளில் கூப்பிடுவதற்கு மட்டும் அது பயன்பட்டது. மற்றபடி எங்கள் தையல் ஆலையில் எல்லோருக்கும் அவள் அம்பு அக்கா.

தைத்து முடித்த சட்டைகள் எங்கள் லைனின் கடைசியில் இருக்கும் செக்கிங் மேஜைக்குப் போகும். அங்கே குழல்விளக்குக்குக் கீழே நின்றபடி அக்கா ஒவ்வொரு சட்டையாக விரித்து, காலரில் தொடங்கிக் கீழ்மடிப்பு வரை கண்ணை ஓட்டுவாள். எங்கே தையல் விட்டிருக்கிறதோ, எங்கே நூல் பிசிறு நிற்கிறதோ, அங்கே நகத்தளவு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவாள். அம்பு ஒட்டிய சட்டை தைத்தவளிடமே திரும்பி வரும். திட்டு கிடையாது, முறைப்பு கிடையாது. சத்தமில்லாமல் வந்து மடியில் விழும். அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

அந்த மேஜைக்கு மேலே ஒரு கொக்கியில் சாம்பிள் சட்டை தொங்கும். வாங்குகிறவர்கள் பார்த்துச் சரியென்று முத்திரை குத்தி அனுப்பிய சட்டை அது. சந்தேகம் வந்தால் அக்கா தலையை நிமிர்த்தி அதை ஒரு தடவை பார்ப்பாள். அதைப் போலவே இருந்தால் சரி. இல்லாவிட்டால் அம்பு.

சட்டைக்குக் கை வைத்துத் தைக்கும் மெஷினில் நான் சேர்ந்த முதல் நாளே என் மடியில் அம்புகள் குவிந்தன. பக்கத்து மெஷின்காரி ஆறுதல் சொன்னாள்: "விடு, அவ புருஷனையே அம்பு ஒட்டித்தான் கட்டியிருப்பா." பின்னாளில் அக்காவிடமே இதைச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. அவள் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். முதன்முதலில் பார்த்த அன்று அவருடைய சட்டைப் பாக்கெட் இடது பக்கம் சரிந்திருந்ததாம். "மூஞ்சி ஞாபகம் இல்ல, அந்தப் பாக்கெட்தான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

அப்படிப்பட்டவளைக் கால்கள் கைவிட்டன. வருடக்கணக்கில் நின்றே பார்த்த வேலை. முழங்காலுக்குப் பின்னால் நரம்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வீங்கிவிட்டன. இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் அறையைக் கவனித்து வந்த அம்மாள் வேலையை விட்டுப் போயிருந்தார். மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு, "உக்காந்தே பாக்கலாம்மா, நல்ல வேலை" என்றார்.

அக்காவுக்கு அது நல்ல வேலையாகப் படவில்லை. "கண்ணை நம்பிப் பொழைச்சவ நான். மூக்கு துடைக்க அனுப்பிட்டாங்க" என்று கை கழுவுமிடத்தில் என்னிடம் சொன்னாள். அவள் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

தரையோடு தரையாக இருக்கும் நீள அறை அது. இரண்டு ஜன்னல்கள், சுருட்டி வைத்த மெத்தைகள், விரிசல் விட்ட பிளாஸ்டிக் சறுக்குமரம், சுவரில் எழுத்துப் படங்கள். மெஷின்களில் உட்கார்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் அங்கே இருப்பார்கள். என் மகளுக்கு அப்போது நாலு வயது. அவளுடைய உயிர்த்தோழன் அயர்ன் பண்ணுகிறவரின் மகன். எந்நேரமும் கையில் எதையாவது பிசுபிசுவென்று அப்பிக்கொண்டு திரிவதால் அவனுக்குக் கோந்து என்று பெயர். பிள்ளைகள் அக்காவைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்கள்.

ஆபீஸிலிருந்து வர்ணம் தீட்டும் தாள்கள் வரும். ஆப்பிள், யானை, வீடு எல்லாம் கோட்டுப் படங்களாக இருக்கும். பிள்ளைகள் கிரேயானால் உள்ளே நிரப்ப வேண்டும். அக்கா பழைய வேலையை அப்படியே தொடர்ந்தாள். மிச்சமிருந்த ஸ்டிக்கர் கட்டைக் கூடவே கொண்டுபோயிருந்தாள் போல. கோட்டைத் தாண்டி வர்ணம் வழிந்த இடத்திலெல்லாம் ஒரு சிவப்பு அம்பு. யானை பச்சையாக இருந்தால் யானை மேலேயே ஒரு அம்பு.

ஒருநாள் மாலை என் மகள் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அதில் யானையே தெரியவில்லை. தாள் முழுக்கக் கிறுக்கல், கிறுக்கல் முழுக்கச் சிவப்பு அம்புகள்.

"அம்மா, எனக்குத்தான் எல்லாரையும் விட நிறைய! கோந்துக்குக்கூட இவ்வளவு இல்ல!"

"இது எதுக்குக் குடுக்குறாங்கன்னு தெரியுமா?"

"தெரியுமே. கோட்டுக்கு வெளிய போனா பெரியம்மா ஒண்ணு தருவாங்க. ரொம்ப தூரம் போனா ரெண்டு!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கலக்கமும் வந்தது. மறுநாள் டீ இடைவேளையில் தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன். அவள் தாள்களையெல்லாம் எடுத்து மடியில் பரப்பினாள். முதல் வாரத்துத் தாள்களில் வர்ணம் கோட்டுக்குள் பயந்து பதுங்கியிருந்தது. போகப் போக அது வேலி தாண்டியிருந்தது. கடைசி வாரத்தில் ஆப்பிளைக் காணோம், வீட்டைக் காணோம். வர்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, தாளின் விளிம்பு வரை பாய்ந்திருந்தன. அக்கா வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். "அடப் பாவிகளா! நான் தப்புன்னு ஒட்டினேன், இதுங்க மெடல்னு வாங்கியிருக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஆனா இங்க பாரேன். எந்தத் தாள் உசிரோட இருக்கு?"

கோந்தின் கடைசித் தாளை அவள் தூக்கிப் பிடித்தாள். நீலம் ஒரு பக்கமிருந்து வந்து ஆரஞ்சை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. அது எதன் படமும் இல்லை. ஆனாலும் எங்கள் இருவராலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்த மாதமே ஆபீஸில் நகல் எடுக்கும் மெஷின் பழுதாகித் தாள் வருவது நின்றுபோனது. வெறும் கையோடு பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது? அக்கா கட்டிங் செக்‌ஷனுக்குப் போனாள். அங்கே நீண்ட மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே சட்டையின் பாகங்கள் வரைந்த தாளை வைத்து, கட்டிங் மாஸ்டர் மெஷினால் ஒரே வெட்டாக வெட்டுவார். கை, காலர், முன்பக்கம், முதுகு எல்லாம் மேலே தையலுக்கு வந்துவிடும். அவற்றுக்கு நடுவில் மிஞ்சும் துண்டுகள் மேஜைக்குக் கீழே விழும். மாஸ்டர் இரும்பு வலைக் கையுறையைக் கழற்றாமலே காலால் ஒரு மூட்டையைத் தள்ளிவிட்டார். "எடுத்துட்டுப் போங்க. அதுல ஒண்ணும் இல்ல, வெறும் வேஸ்ட்டு."

மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டியதும் பிள்ளைகள் பாய்ந்தார்கள். ஒரு பக்கம் குழிந்து மறுபக்கம் கூர்ந்தவை, கொக்கு மூக்குப் போல நீண்டவை, வாலைச் சுருட்டிக்கொண்டவை என்று துண்டுகளில் எந்த வடிவத்துக்கும் பெயர் கிடையாது. யாரும் நினைத்து வெட்டிய வடிவங்கள் இல்லை அவை. சட்டைக்கு வேண்டாத இடமெல்லாம் சேர்ந்து தானாக அமைந்தவை. பிள்ளைகள் அவற்றைத் தரையில் அடுக்கத் தொடங்கினார்கள்.

அக்கா ஒவ்வொருவரிடமும் போய், "இது என்ன?" என்று கேட்டாள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். பெரியம்மாவுக்கு என்ன பதில் பிடிக்கும் என்று தெரியும். "மீன்", "லாரி", "எங்கப்பா" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என் மகள் மட்டும் தலையை நிமிர்த்தாமல், "இது ஒண்ணுமில்ல பெரியம்மா. இது இப்பிடித்தான்" என்றாளாம்.

இங்கிருந்து நடந்ததை அக்கா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே சொல்வாள்.

என் மகள் வெள்ளையும் சாம்பலுமாக ஏழெட்டுத் துண்டுகளை அடுக்கியிருந்தாள். ஓரத்தில் ஒரு கருநீலத் துண்டு கோணலாகக் கிடந்தது. அக்காவின் கை சும்மா இருக்குமா? குனிந்து அதை நேராக்கி வைத்தாள். என் மகள் வீலென்று கத்தினாள்.

"ஏன் கண்ணு? அழகாத்தானே வெச்சேன்?"

"இல்ல. அது இப்ப சத்தம் போடுது."

அவளே துண்டைத் திருப்பி, சற்று நகர்த்தி, மறுபடி கோணலாக வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். "இப்ப சும்மா இருக்கு."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் மெத்தைகளில் தூங்கிப்போனார்கள். அக்கா கால்களை நீட்டித் தரையில் உட்கார்ந்து, அந்தக் கருநீலத் துண்டை மெல்ல நேராக்கினாள். பார்த்தாள். மறுபடி கோணலாக வைத்தாள். பார்த்தாள். இப்படியே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கணத்தில் அது அவளுக்கும் கேட்டுவிட்டது. நேராக இருக்கும்போது அந்தத் துண்டு தனியாகப் பிரிந்து நின்று கத்தியது. கோணலாக இருக்கும்போது மற்ற எல்லாத் துண்டுகளோடும் பேசியது. தரையில் கிடந்தது வெறும் வேஸ்ட்டுத் துணி. ஆனால் அதற்குள் ஒரு சரி இருந்தது, ஒரு தப்பு இருந்தது.

"எனக்கு முதுகுல சில்லுன்னு ஆயிடுச்சு" என்பாள் அக்கா. "இத்தனை வருஷமா சாம்பிளைப் பாத்துத்தான் சரி தப்பு சொன்னேன். இதுக்கு சாம்பிள் எங்க இருக்கு? அந்த நாலு வயசுப் புள்ளைக்கு யார் காட்டினா?"

அன்றே அவளும் ஒன்று அடுக்கிப் பார்த்தாள். வரவில்லை. துண்டுகள் எல்லாம் தையல் லைன் மாதிரி வரிசையில் வந்து நின்றன. தூங்கி எழுந்த கோந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, எல்லாரையும் ஏன் கியூவுல நிக்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அக்கா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நீ வந்து கலைச்சு விடு, சாமி."

அதற்குப் பிறகு அந்த அறையில் "இது என்ன?" என்ற கேள்வி நின்றுபோனது. அக்கா வேறு விதமாகக் கேட்கக் கற்றுக்கொண்டாள். "இதுல எது கனமா இருக்கு? எது ஓடுது? எதை எடுத்தா இதுக்குக் கோபம் வரும்?" பசை காய்ச்சினாள். பழைய தையல் நூலைப் பசையில் முக்கித் தாளில் போட்டு இழுக்கச் சொன்னாள். கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்க்கச் சொன்னாள். டீ இடைவேளையில் போகும்போது நான் கதவோரம் நின்று பார்ப்பேன். பிள்ளைகள் தலை நிமிரமாட்டார்கள். பெற்ற தாய் வந்து நிற்பதுகூடத் தெரியாமல் இருப்பார்கள்.

வீட்டிலும் அக்கா சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் துண்டுகளைப் பரப்பிவிடுவாள். லாரிக்காரர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல நான் எந்த மூலையில உக்காந்தா சத்தம் வராது?" என்று கேட்பாராம். கல்லூரியில் படிக்கும் அக்காவின் மகள்தான் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, இதுக்குப் பேரே இருக்கு. அரூப ஓவியம்னு சொல்வாங்க. எதையும் பாத்து வரையறதில்ல. நிறம், வடிவம், கோடு, இது மட்டும்தான்." போனில் நாலைந்து படங்களைக் காட்டினாள். அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். "பெரியவங்க பண்றாங்களா இதை? வேலையாவே?"

"ஆமாம்மா. நம்ம ஊர் ஓவியக்கூடத்துலயே மாடியில பெரிசா ஒண்ணு இருக்கு."

அவ்வளவுதான், அக்கா மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஆலை வேன் வேண்டும். "அங்க பொம்மை ஏதாவது இருக்காம்மா?" என்றார் அவர். "ஒண்ணும் இருக்காது சார். அதுக்குத்தான் போறோம்" என்றாள் அக்கா. அவர் குழம்பிப்போய்ச் சரியென்றுவிட்டார். துணைக்கு அம்மாக்கள் மூன்று பேர் கிளம்பினோம். அதில் நானும் ஒருத்தி.

ஓவியக்கூடத்தின் கீழ்த்தளத்தில் மீசைக்காரர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மாடிப்படி ஏறினோம். வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி, "கழிவறை கீழங்க" என்றார். மேலே வருகிற பாதிப் பேர் அதைத்தான் கேட்பார்களாம். படம் பார்க்க வந்தோம் என்றதும் எழுந்து நின்றுவிட்டார். "தொடக் கூடாது, அது மட்டும் பாத்துக்கங்க." பிள்ளைகள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போலக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க அந்த ஓவியம் இருந்தது. மேலிருந்து சாம்பலும் கருநீலமுமாக அகலப் பட்டைகள் இறங்கி வந்தன. கீழே துருச் சிவப்பில் ஒரு திட்டு. குறுக்கே, நடுவில்கூட இல்லை, ஒரு பக்கமாக, மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டமாதிரி இருந்தது.

ஆனால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அமைதியாகி நான் அதுவரை பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட யாராவது ஒருவர் முனகுவார். கோந்து பக்கத்தில் போய் மூக்கு படாத தூரத்தில் நின்று ஆராய்ந்தான். "இங்க துணியால தேச்சிருக்காங்க. இங்க கை வலிச்சிருக்கு, நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்காங்க." பிறகு பின்னோக்கி நடந்து அறையின் மறுகோடிக்குப் போய் அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். 

என் மகள் அக்காவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, அந்த மஞ்சளை எடுத்துட்டா எல்லாம் விழுந்துடும்ல?"

நான் சும்மா ஒரு விளையாட்டாக ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அந்த மஞ்சள் கோட்டை மறைத்துப் பார்த்தேன். அந்தப் பெரிய சுவர் பொலபொலவென்று சரிந்தது. பட்டைகள் எல்லாம் அர்த்தமில்லாமல் தொங்கின. விரலை எடுத்தேன். எல்லாம் மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றன. மறைத்தேன், எடுத்தேன்.  என் வயிற்றில் பிறந்தது, இன்னும் செருப்பைக் கால் மாற்றிப் போடுவது, இதை ஒரே பார்வையில் பார்த்துவிட்டது.

அக்கா நின்றுகொண்டேயிருந்தாள். நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. காலரில் தொடங்குவது போல மேல் மூலையில் தொடங்கி, வரி வரியாகக் கண்ணை இறக்கிக்கொண்டு வந்தாள். கீழே சிவப்புத் திட்டின் ஓரத்தில் நின்றாள். அங்கே பெயிண்ட் ஒரு சொட்டு வழிந்து நீளமாகக் காய்ந்திருந்தது. நான்கூட, கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"பாத்தியா?" என்றாள் கிசுகிசுப்பாக. "வழிஞ்சிருக்கு. துடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? துடைக்கலை. பாத்து, யோசிச்சு, இருக்கட்டும்னு விட்டிருக்காங்க." அவள் கண்கள் நிரம்பியிருந்தன. "இருக்கட்டும்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்!"

வேனில் திரும்பி வரும்போது பிள்ளைகள் பாடவில்லை, சண்டை போடவில்லை. ஜன்னல் வழியே சுவர்களையும் மதில்களில் ஈரம் படிந்த கறைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

மறுவாரம் அக்கா கிடங்கிலிருந்து நிறம் சரியில்லையென்று தள்ளிவைத்த துணியில் ஒரு பெரிய துண்டு கேட்டு வாங்கி, அறையின் தரை முழுக்க விரித்தாள். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒன்று செய்ய வேண்டும். வெட்டுத் துண்டுகளை வைப்பார்கள், எடுப்பார்கள், சண்டை போடுவார்கள், எட்டி நின்று பார்ப்பார்கள். அக்கா பசை மட்டும் தடவிக் கொடுத்தாள். ஒட்டி முடிக்க நாள் பிடித்தது. ஒருநாள் நடுவில் வந்த மேனேஜர், "இது என்னம்மா?" என்று கேட்டுவிட்டார். "இது இப்பிடித்தான் சார்!" என்று மொத்த அறையும் கூவியது.

கேன்டீன் சுவரில் மாட்டலாம் என்று அவரே சொன்னார். எலெக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி மாட்டினார். நாங்கள் தட்டோடு உட்கார்ந்து, "நல்லா கலரா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டோம். அப்போது அக்கா பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் தாண்டியதும் ஒரே கூச்சல். "தலைகீழா இருக்கு! தலைகீழா மாட்டியிருக்காங்க!"

எலெக்ட்ரீஷியன் இடுப்பில் கை வைத்தார். "எது தலை, எது கால்? யாராவது அடையாளம் போட்டு வெச்சீங்களா?"

"எப்பிடி விழுது பாருங்க!" என்று கோந்து அழ ஆரம்பித்துவிட்டான். சிரித்துக்கொண்டேதான் அவர் மறுபடி ஏறினார். கழற்றி, திருப்பி, மாட்டினார். இறங்கித் திரும்பிப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

கேன்டீனில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கொஞ்ச நேரம் முன்பு கலராக மட்டும் இருந்தது இப்போது நின்றது. கீழே கனமான கருநீலம் ஊன்றியிருக்க, அதன் தோளில் ஏறிச் சாம்பல் வளைந்து போனது. எங்கிருந்தோ வந்த சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள் மேலே மேலே போய் ஒரு மூலையில் காணாமல் போயின. எங்கள் யாருக்கும் அதற்கு வார்த்தை தெரியாது. ஆனால் முன்பு தப்பாக இருந்தது, இப்போது சரியாக இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் ஒரே கணத்தில் தெரிந்தது.

கட்டிங் மாஸ்டர் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு துண்டை விரலால் சுட்டினார். "இது கைக்கும் காலருக்கும் நடுவுல விழுறது." இன்னொன்றைச் சுட்டினார். "இது முதுகுக்குப் பக்கத்துல விழுறது. எல்லாம் என் கையால வெட்டினது." விரலை இறக்கினார். "சட்டையை மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்." பக்கத்தில் நின்ற என் மகளிடம், பெரிய மனுஷியிடம் கேட்பது போலக் கேட்டார்: "ஏம்மா, இதை இங்க வைக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வெச்சுப் பாத்தேன் தாத்தா" என்றாள் அவள்.

அக்கா இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். இடையில் ஒருமுறை, உட்கார்ந்தே பார்க்கிற ஒரு மேற்பார்வை வேலை மேலே காலியானபோது மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். யோசிக்க நேரம் வேண்டும் என்றாள். அடுத்த நாள் மாட்டேன் என்றாள். என் மகளும் கோந்தும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். வேறு பிள்ளைகள் வந்திருக்கிறார்கள்.

போன வாரம் டீ இடைவேளையில் எட்டிப் பார்த்தேன். அன்று அவர்கள் மெல்லிய லைனிங் துணித் துண்டுகளைத் தண்ணீரில் நனைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசையே இல்லாமல் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்த இடத்திலெல்லாம் புதிதாக ஒரு நிறம் பிறந்திருந்தது. பின்னாலிருந்து வெயில் விழுந்தது. தரையிலும் மெத்தைகளிலும் அக்காவின் நரைத்த தலையிலும் அந்த நிறங்கள் கிடந்தன. நடக்கப் பழகிய ஒரு குழந்தை தன் வயிற்றின் மேல் விழுந்திருந்த பச்சை வெளிச்சத்தைக் கையால் மூடிப் பார்த்தது. வெளிச்சம் அதன் கையின் மேல் ஏறிக்கொண்டது.

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா உதட்டில் விரலை வைத்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். போய் உட்கார்ந்தேன். மெஷினுக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.